அம்மா நடக்கிறார், அதுதான் சிக்கல்

மறதி நோய் பற்றிய பேச்சு என்றதும் மூளையின் படத்தையும் மருந்துகளின் பெயர்களையும் எதிர்பார்த்து அமர்ந்திருப்பீர்கள். இன்றைய பேச்சு ஒரு வீட்டின் வாசற்கதவிலிருந்து தொடங்குகிறது.

இரவு இரண்டரை மணி. லிட்டில் இந்தியாவில், பஃப்ளோ சாலையில், தேக்கா சந்தையை ஒட்டிய வீவக புளோக் ஒன்று. எழுபத்தெட்டு வயதுத் தாயார் எழுந்திருக்கிறார். சேலையை ஒழுங்காகக் கட்டுகிறார். தலையை வாரிக்கொள்கிறார். கைப்பையை எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி நடக்கத் தொடங்குகிறார். எங்கே? கேகே மருத்துவமனைக்கு. அவருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். போய்த் தூக்கி வர வேண்டுமாம். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது. பக்கத்து அறையில் அயர்ந்து தூங்கும் மகள்தான் அந்தப் பிள்ளை.

தாயார் வழி தவறவில்லை என்பதுதான் வியப்பு. ஹேம்ஷியர் சாலைக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறார். பழைய கட்டடமும் அங்கேயே நிற்கிறது. 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்த மருத்துவமனை அது. 1997இல் மருத்துவமனை புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளி, "ஆன்ட்டி, இது ஹாஸ்பிட்டல் இல்லை" என்கிறார். அவர் சொல்வது உண்மை. அம்மாவுக்கோ கோபமும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்?

இது ஒரே வீட்டின் கதை அன்று. மறதி நோய் புகுந்த பல வீடுகளில் நடப்பதை ஒரு தாய், ஒரு மகள் என்று வைத்துச் சொல்வது. பெயர் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் தத்தம் வீட்டுப் பெயரையே இதில் போட்டுக்கொள்ளலாம்.

மகள் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். தம்பி குடும்பத்துடன் பொங்கோலில். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மகளுடையது என்று யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அது அப்படியே அமைந்துவிட்டது. பல வீடுகளில் அப்படித்தான் அமைகிறது. பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் வந்து அமைகிறது.

அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் சொல்ல, மகள் படிவத்தை எடுத்துப் பார்க்கிறார். சிங்கப்பூரில் நீண்டகாலப் பராமரிப்புக்கான பண உதவிகள் பெரும்பாலும் ஆறு அன்றாடச் செயல்களைக் கொண்டு அளக்கப்படுகின்றன. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றையேனும் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவருக்கே இல்லப் பராமரிப்பு மானியம். கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதிக்கும் மூன்று என்பதே கணக்கு; அங்கே இன்னும் கடுமையான நிலை வேண்டும்.

மகள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நடமாடுவது? நன்றாக நடக்கிறார். ஹேம்ஷியர் சாலை வரைக்கும் நடக்கிறார். உடுத்துவது? நள்ளிரவில் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டுகிறார். உண்பது? தட்டில் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்து, "இந்த வீட்டில் எனக்குச் சோறே போடுவதில்லை" என்று பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் முறையிடுகிறார். அது வேறு விஷயம். படுக்கையிலிருந்து எழுவதற்கு யார் உதவியும் வேண்டாம். எழாமல் இருந்தால்தான் தேவலை!

அடுப்பை மூட்டிவிட்டு மறப்பது அந்த ஆறில் இல்லை. இரவில் கதவைத் திறந்துகொண்டு போவது இல்லை. வங்கி அட்டையை முன்பின் தெரியாதவரிடம் நீட்டுவது இல்லை. மகளையே பார்த்து, "நீ யாரம்மா, என் வீட்டில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்பது இல்லை. மகளின் இருபத்து நான்கு மணி நேரத்தைத் தின்பவை எவையோ அவை எதற்கும் அங்கே ஒரு வரி கிடையாது. இந்த நோய் மூளையில் தொடங்கி, கை கால்களுக்குக் கடைசியாகத்தான் வருகிறது. உதவியின் அளவுகோலோ கை கால்களிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் சந்திப்பதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளைக் குடும்பம் தன் கையிருப்பில் ஓட்டுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மதிப்பீடு செய்ய வெளியாள் ஒருவர் வந்துவிட்டால் போதும், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "வாங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" என்று உபசரிப்பார். கேட்ட கேள்விக்கு நேரான பதில் தெரியாவிட்டாலும் சிரித்துச் சமாளிப்பார். ஆயுள் முழுவதும் விருந்தோம்பிப் பழகிய பெண்மணி. அந்தப் பழக்கம் நினைவைவிட ஆழமாக வேரோடியது. வந்தவர் எழுந்து போன பத்தாவது நிமிடத்தில் எல்லாம் கலைந்துவிடும். இந்த நோயாளிகளைப் பராமரித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த அனுபவத்தைச் சொல்வார்கள். ஆகவே மதிப்பீட்டின்போது மகளோ மகனோ உடனிருந்து, "அம்மா குளிப்பார், ஆனால் தண்ணீரைத் திற, சோப்பைப் போடு, இப்போது துடை என்று வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் குளிப்பார்" என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்து நடப்பைத் தேதி, நேரத்துடன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது. பெற்ற தாயின் குறைகளைப் பிறரிடம் பட்டியல் போடுவது எந்த மகளுக்கும் கூசும். ஆனாலும் கூச்சத்தை ஒதுக்கிவைத்துத்தான் ஆக வேண்டும்.

வேறு நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்ப்பது பயனுள்ளது. இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் ஒரு ஜெர்மானியர். 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனையில் அவர் கவனித்த நோயாளி அகஸ்டே டேட்டருக்கு அப்போது வயது 51தான். அவரை அங்கே சேர்த்தவர் அவருடைய கணவர், ரயில்வே எழுத்தர். மருத்துவ வரலாறு கணவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த நோயின் ஏட்டில் பதிவான முதல் குடும்பப் பராமரிப்பாளர் என்று அவரைச் சொல்லலாம்.

அதே ஜெர்மனியில் 1995இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி தொடங்கியது. ஒருவருக்குக் குளிக்க, உண்ண, நடமாட நாளொன்றுக்கு எத்தனை நிமிட உதவி தேவை என்று நிமிடக் கணக்கில் அங்கே அளந்தார்கள். மறதி நோயாளிகளின் குடும்பங்கள் அந்தக் கணக்கில் பின்தங்கிப் போயின. இங்குள்ள மகளின் அதே குறைதான். நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2017 ஜனவரியில் நிமிடக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். புதிய முறையில் நினைவாற்றல், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன், இரவில் அமைதியின்றி அலைவது போன்ற நடத்தைகள் எல்லாம் மதிப்பெண்ணில் சேர்ந்தன. தென்கொரியா 2014இல் வேறொரு வழியைக் கண்டது. உடல் நன்றாக இருந்தும் மறதி நோய் உள்ளவர்களுக்கென்று காப்புறுதியில் தனியாக ஒரு படிநிலையை ஏற்படுத்தியது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் காப்புறுதியில், மதிப்பீட்டாளர் கேட்கும் எழுபதுக்கும் மேற்பட்ட கேள்விகளில் வீட்டைவிட்டு அலைந்து திரிவதும் ஒன்று.

இவை மூன்றும் சிங்கப்பூரைப்போலவே மூப்படையும் நாடுகள். அங்கே செய்ய முடிந்ததை இங்கே ஏன் செய்ய முடியாது என்று குடும்பங்கள் கேட்பதில் தவறில்லை. சிங்கப்பூர் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. இல்லப் பராமரிப்பு மானியம் 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கியது. 2023 மார்ச்சில் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. தொகை மூன்று மடங்காகியிருக்கிறது. ஆனால் அந்த மானியத்துக்குள் நுழையும் வாசல் அதே மூன்று செயல்கள்தாம். வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே இருக்கும் தொகை 200 ஆனால் என்ன, 600 ஆனால் என்ன?

கொள்கை வகுப்பவர்கள் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று பராமரிக்கும் குடும்பத்தைக் கேட்டால், பெரும்பாலும் பணத்தைச் சொல்ல மாட்டார்கள். தூக்கத்தைச் சொல்வார்கள்.

மாலை மங்கும்போது இந்த நோயாளிகள் பலருக்கு ஒரு பதற்றம் பிடித்துக்கொள்கிறது. வீட்டிலேயே இருந்துகொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். இரவு முழுவதும் நடப்பார்கள். பகலில் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்பலாம். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் நியூ ஹொரைசன் நிலையங்கள் உட்படப் பல இடங்கள் இருக்கின்றன. இரவுக்கு? சில தாதிமை இல்லங்களில் இரவு நேர ஓய்வுப் பராமரிப்பு என்ற சேவை உண்டு. மாலையில் கொண்டுபோய் விட்டு, காலையில் அழைத்து வரலாம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அது எல்லா வட்டாரங்களிலும் இல்லை. வேலைக்குப் போகும் மகளுக்கு வாரத்தில் இரண்டு இரவு நிம்மதியான தூக்கம் கிடைத்தால், அம்மாவை நிரந்தரமாக ஓர் இல்லத்தில் சேர்க்கும் நாள் தள்ளிப்போகும். இது குடும்பத்துக்கு நல்லது. அரசாங்கத்தின் கணக்குக்கும் நல்லதுதான்.

விடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் கூடிய பிள்ளைப் பராமரிப்பு விடுப்பைச் சட்டம் தருகிறது. எழுபத்தெட்டு வயதுத் தாய்க்கு அப்படி ஒரு விடுப்பு 2025 வரையில் சட்டத்தில் இல்லை. அரசாங்க ஊழியர்களுக்குப் பெற்றோர் பராமரிப்பு விடுப்பு இரண்டு நாள் உண்டு. தனியார் நிறுவனங்களில் முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் எழுதிக் கொடுத்தால், இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்று முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. பதில் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. சம்மதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மகள் அம்மாவின் மருத்துவச் சந்திப்புகளுக்கெல்லாம் தன் ஆண்டு விடுப்பை எடுத்துத் தீர்த்துவிட்டார். அவருக்கே காய்ச்சல் வந்தபோது எடுக்க நாள் இல்லை.

பணிப்பெண் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்திருக்கிறார்கள். 67 வயது நிரம்பிய முதியவர் இருக்கும் வீட்டுக்கு மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் வேற்று நாட்டிலிருந்து, வேற்று மொழியுடன் வந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணை, பகலில் சமையலும் துவையலும் செய்துவிட்டு, இரவில் கதவருகே காவலும் இரு என்றால் எத்தனை நாள் தாங்குவாள்? அவளுக்கும் தூக்கம் வேண்டும். அவளுக்கும் இந்த நோயைப் பற்றி யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பாட்டி திருடி என்று திட்டினால் அது பாட்டியின் பேச்சு அன்று, நோயின் பேச்சு என்று தெரிந்துகொண்ட பணிப்பெண்ணுக்கும் தெரியாதவளுக்கும் நிறைய வேறுபாடு.

இந்த வீட்டில் நேர்ந்த பெரிய இழப்பு வேறொன்று. அதைத் தடுத்திருக்கலாம். அம்மாவுக்கு முதன்முதலில் மறதி தட்டியபோது குடும்பம் அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார், வயசாகிவிட்டது. ரசத்தில் புளி விட மறந்தார்; வயசாகிவிட்டது. மருத்துவரிடம் போவதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் கையெழுத்துப் போட்டு ஒருவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் தெளிவு அம்மாவிடம் இல்லாமல் போய்விட்டது.

சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம் 2008இல் நிறைவேறி, 2010இல் நடப்புக்கு வந்தது. அதன்படி 21 வயது நிரம்பிய எவரும், பின்னாளில் தம்மால் முடிவெடுக்க முடியாமல் போனால் தம் பணத்தையும் நலனையும் யார் கவனிப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம் அதுதான். இப்போது இணையம் வழியாகவே செய்யலாம். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். மனம் தெளிவாக இருக்கும்போது செய்தால் சில நாள் வேலை. தெளிவு போன பிறகு நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, மருத்துவ அறிக்கை பெற்று, வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்டி, உடன்பிறந்தவர்களின் சம்மதம் வாங்கிக் காத்திருக்க வேண்டும். அம்மாவின் மருந்துக்கு அம்மாவின் சேமிப்பிலிருந்தே பணம் எடுக்க இத்தனை சுற்று!

நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுப்பது எளிதன்று. "நான் உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கேட்கிறாயா?" என்று தகப்பனார் பிள்ளையைப் பார்ப்பார். மருமகள் தூண்டிவிட்டாள் என்ற பேச்சும் வரும். அதனால் பிள்ளை சொல்லத் தயங்குவதை மருத்துவர் சொல்ல வேண்டும். மறதி நோயின் முதல் அறிகுறி பலதுறை மருந்தகத்தில் தென்படும் அன்றே, இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுப்பதுபோல எல்பிஏ பற்றி எடுத்துச் சொல்வதும் மருத்துவரின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக வேண்டும். செலவு அதிகம் பிடிக்காத சீர்திருத்தம். பலன் உடனே தெரியும்.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் சிங்கப்பூர் முன்னேறியிருக்கிறது. மனநலக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வின்படி 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மறதி நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை. பத்தாண்டு கழித்து 2023இல் மீண்டும் ஆராய்ந்தபோது நோயுற்றோர் விகிதம் 8.8 விழுக்காடு, கண்டறியப்படாதவர்கள் ஏறக்குறைய பாதி. நல்ல செய்திதான். ஆனால் முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால், விகிதம் குறைந்தாலும் நோயாளிகளின் தொகை குறையப்போவதில்லை. இந்தியச் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையே 17.2 விழுக்காடு, சீனர்களிடையே 9.7. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்து மறதி நோய்க்கு வழிவிடுகின்றன. தேக்காவில் பரோட்டாவைக் குறைக்கச் சொல்வது யாருக்கும் பிடிக்காத அறிவுரை என்பதால் அதை இத்துடன் விடலாம்.

மொழியைப் பற்றி மட்டும் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று மொழி பேசியவர்களுக்கு நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழிகள் முதலில் உதிரும். தாய்மொழி கடைசிவரை நிற்கும். அம்மா ஒரு காலத்தில் சந்தையில் மலாயில் பேரம் பேசியவர். மருத்துவமனையில் ஆங்கிலத்தில் சமாளித்தவர். இப்போது இரண்டும் போய்விட்டன. தமிழ் மட்டும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3. அம்மா தமிழுக்குள் திரும்பி வருகிறார். வீடு தமிழைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பதினேழு வயதுப் பேரனுக்குப் பாட்டி சொல்வதில் பாதி புரிவதில்லை.

பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் அம்மாவைச் சில வாரம் சேர்த்துப் பார்த்தார்கள். தாதியர் அன்பானவர்கள். ஆனால் அங்கே ஓடியது சீனத் தொலைக்காட்சி. பாடியது ஹொக்கியன் பாட்டு. அம்மா ஒரு மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்தார். "நல்லவர், தொந்தரவே இல்லை" என்று சொன்னார்கள். அது பாராட்டு அன்று. பேச ஆளில்லாததால் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். இருபது முதியவர்கள் இருக்கும் ஓர் இடத்தில் ஒரே ஒரு தமிழ் மூதாட்டி இருந்தால் அவருக்கென்று தமிழ் ஊழியரை வைப்பது கடினம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரு வட்டாரத்தின் தமிழ் முதியவர்களை ஒரே நிலையத்தில் கூட்டலாமே? வண்டி ஏற்பாடு மட்டும் போதும். யீஷூனில் ஸ்ரீ நாராயண மிஷன் போன்ற சமூக அமைப்புகள் பல்லாண்டுகளாகத் தாதிமை இல்லம் நடத்திவருகின்றன. கோவில்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பூக்கட்டுவதைப் பற்றியோ பழைய எம்ஜிஆர் படத்தைப் பற்றியோ தமிழில் பேசிக்கொண்டிருப்பதும் சிகிச்சைதான்.

நோயைக் கண்டறியும் சோதனையிலும் மொழி குறுக்கே வரும். கேள்வியே புரியாதவர் பதில் சொல்லாவிட்டால் அது மறதி ஆகாது. இதற்கு ஒரு விடையைச் சிங்கப்பூரிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். டாக்டர் நாகேந்திரன் கந்தையா தேசிய நரம்பியல் கழகத்தில் இருந்தபோது அவரும் சக ஆய்வாளர்களும் படங்களைக் காட்டி நினைவாற்றலை அறியும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். இப்படிப்பட்ட சோதனைகள் ஒவ்வொரு பலதுறை மருந்தகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'முதுமை மறதி' என்று தமிழில் சொல்கிறோம். முதுமை என்றதும், எல்லாருக்கும் வருவதுதானே என்று தோன்றுகிறது. மறதி என்றதும், சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது நினைவுக்கு வருகிறது. முதல் நோயாளி அகஸ்டே டேட்டர் முதியவர் அல்லர். நோய் பறிப்பது நினைவை மட்டும் அன்று. வழியறியும் திறன், பேச்சு, குணம், முடிவெடுக்கும் ஆற்றல் எல்லாவற்றையும்தான். 'மூளை மழுங்கியவர்' என்ற பொருள் தந்த பழைய சொல்லை ஜப்பான் 2004இல் அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. தமிழறிஞர்களும் மருத்துவர்களும் சேர்ந்து இதை யோசித்தால் நன்று.

மறுபடியும் அந்த நள்ளிரவு நடைக்கே வருவோம். சிங்கப்பூர் இடித்துக் கட்டும் நகரம். அம்மாவின் மனத்தில் உள்ள தேக்கா சந்தை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1982இல் சந்தை இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் பிள்ளை பெற்ற மருத்துவமனை அலுவலகமாகிவிட்டது. பழைய நினைவுதான் இந்த நோயில் கடைசிவரை துணை நிற்பது. அந்த நினைவைக் கொண்டு வழி தேடினால் நகரம் கைவிட்டுவிடுகிறது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது சுற்றுப்பயணிகளுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவில் கோபுரம் தெரிந்ததும் அம்மா நிற்கிறார், கும்பிடுகிறார், எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கோபுரம் அவருக்கு மருந்து.

இதை உணர்ந்து செய்த வேலை ஒன்று அங் மோ கியோவின் கெபுன் பாரு வட்டாரத்தில் இருக்கிறது. ஒன்றுபோலவே தோன்றும் புளோக்குகளின் கீழ்த்தளச் சுவர்களில், முதியவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமான பொருள்களைப் பெரிதாகவும் வண்ண வண்ணமாகவும் வரைந்தார்கள். புளோக் எண் மறந்தாலும் படம் நினைவில் நிற்கும். இதை எல்லா வட்டாரங்களுக்கும் கொண்டுபோகலாம். தமிழ் முதியவர்கள் வாழும் இடங்களில் குத்துவிளக்கும் அம்மிக்கல்லும் மல்லிகைப் பூச்சரமும் வரையலாம். சாயச் செலவு எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

வழி தவறியவரைக் கண்டால் அழைத்துச் செல்ல, தீவெங்கும் நூற்றுக்கணக்கான உதவி முனைகள் இருக்கின்றன. டிமென்ஷியா சிங்கப்பூரின் காரா செயலியில் பதிவு செய்துகொண்டால், குடும்பத்தைத் தொடர்புகொள்ள உதவும் அட்டை ஒன்றும் கிடைக்கும். மகள் அதை அம்மாவின் கைப்பையில் வைத்துத் தைத்துவிட்டார். அம்மா எதை மறந்தாலும் கைப்பையை மறப்பதில்லை. அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசி வந்தது அந்த அட்டையால்தான். உதவி வேண்டுவோர் டிமென்ஷியா சிங்கப்பூரை 6377 0700 என்ற எண்ணிலும், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணிலும் அழைக்கலாம். படிவம் நிரப்புவதிலிருந்து இரவுநேரப் பராமரிப்பு வரை கேட்கலாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் தேவை இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

மகள் இப்போது கதவில் ஒரு சிறு மணி கட்டியிருக்கிறார். சில வாரம் கழித்து ஓர் இரவு மணி ஒலித்தது. முதலில் எழுந்தவன் பேரன். பாட்டி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி அங்கே இல்லை" என்று வாதாடக் கூடாது என்று அம்மா சொல்லித் தந்திருந்தது அவனுக்கு நினைவிருந்தது. தட்டுத் தடுமாறித் தன் தமிழைத் தேடிப் பிடித்தான்.

"பாட்டி, பாப்பா நல்லா தூங்குது. நர்ஸ் காலையில வரச் சொன்னாங்க."

"பால் குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு பாட்டி."

பாட்டி செருப்பைக் கீழே வைத்தார். பேரன் விளக்கை அணைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவனுக்குத் தேர்வு.